கால் விறைப்புக்கு வட்ஸ்அப்பில் மருந்து சொல்வோரே, கொஞ்சம் நில்லுங்கள்



நீண்ட பதிவுதான். வீட்டில் தைரொக்சின் குடிக்கிற உம்மாவோ, ராத்தாவோ, மனைவியோ இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது எடுத்துச் செல்லுங்கள்: கால் விறைப்பது, பாதம் எரிவது, ஊசி குத்துவது போல இருப்பது எல்லாம் உள்ளே ஏதோ பிழைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம். அது என்னவென்று பார்க்காமல் "நரம்புக்கு நல்லம்" என்று ஒரு போத்தலைக் கையில் கொடுப்பவர், நல்ல மனதோடு கொடுத்தாலும் காசுக்குக் கொடுத்தாலும், அந்த நோயாளிக்குக் கெடுதிதான் செய்கிறார்.

கொஞ்ச நாட்களாக ஊர்க் குழுக்களில் சுற்றுகிற குரல் பதிவுகளை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஆட்கள் மாறுகிறார்கள், போத்தலின் பெயர் மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. "கை கால் விறைப்பா? தைரொய்டா? இது வெளிநாட்டுச் சாமான். முழுக்க இயற்கை. பக்க விளைவு ஒன்றுமில்லை. கிளினிக் குளிசையோடு சேர்த்தே குடிக்கலாம். டொக்டரிடம் சொல்லத் தேவையில்லை, அவர்கள் ஏசுவார்கள்." பின்னால் ஒரு தொலைபேசி இலக்கம்.

நாங்கள் டொக்டர்கள் இல்லை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஆட்கள். "உங்களுக்கு இதில் என்ன வேலை" என்று கேட்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போக வருகிற உம்மாமார் பையிலிருந்து போத்தலை எடுத்து, "சேர், இதில என்ன எழுதியிருக்கு எண்டு பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேட்கிறார்கள். "மிஸ், இது சீனிக்கும் ஒத்துவருமா" என்று கேட்கிறார்கள். லேபல் முழுக்க ஆங்கிலம். அதை வாசித்துச் சொல்கிறவர்கள் என்ற முறையில், அந்த லேபலில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வது எங்கள் வேலைதான்.

முதலில் அந்த விறைப்பைப் பார்ப்போம்.

பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிற விறைப்புக்கு எங்கள் ஊர்களில் முதல் காரணம் சீனி. பல வருடம் கட்டுப்பாடில்லாமல் கிடந்த சீனி, நீளமான நரம்புகளின் நுனியை முதலில் கெடுக்கிறது. அதனால்தான் கால்விரலில் தொடங்குகிறது. இரண்டாவது, விற்றமின் பி12 குறைவு. சீனிக்கு வருடக்கணக்காக மெட்போமின் குடிப்பவர்களுக்கும், வாயுவுக்கு ஒமிப்ரசோல் போன்றவற்றை விடாமல் குடிப்பவர்களுக்கும் இது வரலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் அதிகம் சாப்பிடாத வயதானவர்களுக்கும் வரலாம். மூன்றாவது, தைரொய்ட் குறைவே நரம்பைப் பாதிக்கும். கை மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு, இரவில் விரல்கள் விறைத்து, கையை உதறிக்கொண்டு எழும்புகிற பெண்கள் பலருக்கு இந்தக் காரணமும் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு, முள்ளந்தண்டுக் கோளாறு, சில மருந்துகள் என்று பட்டியல் இன்னும் போகும். தோலில் நிறம் மங்கிய ஒரு படை, அந்த இடத்தில் தொட்டால் உணர்வில்லை என்றால் அது தொழுநோயாகவும் இருக்கலாம். இலங்கையில் இன்றும் ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தொழுநோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அது முழுமையாகக் குணமாகும், சிகிச்சை இலவசம். தாமதித்தால் மட்டும்தான் விரல்கள் போகும்.

இன்னொரு விசயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தைரொய்ட் குறைவு பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவதால் வருகிறது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு அதே எதிர்ப்புச் சக்தி இரைப்பையையும் தாக்கி, பி12 உடலுக்குள் ஏறாமல் செய்துவிடும். ஆகவே தைரொய்ட் உள்ள ஒருவருக்குக் கால் விறைத்தால், பி12 பார்க்க வேண்டும், சீனி பார்க்க வேண்டும், டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். குரல் பதிவு அனுப்புகிறவர் இதில் எதைப் பார்த்தார்? ஒன்றையும் பார்க்கவில்லை. விறைப்பு என்ற சொல்லைக் கேட்டார், போத்தலை நீட்டினார்.

சரி, அவர்கள் சொல்கிற மூன்று கதைகளையும் ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதல் கதை: "விற்றமின்தானே, கூடினாலும் மூத்திரத்தில் போய்விடும்."

இது பொய். நரம்புக் குளிசைகளில் பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்திருக்கும். இதில் பி6 என்பது கூடினால் நரம்பையே கெடுக்கும். ஆம், எந்த விறைப்புக்காகக் குடிக்கிறார்களோ அதே விறைப்பை அது உண்டாக்கும். இது புதிதாகக் கண்டுபிடித்த விசயமில்லை. 1983ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில், மிகப் பெரிய அளவில் பி6 குடித்துவந்த ஏழு பேருக்குக் கால் விறைத்து, நடை தடுமாறியதை மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். அவர்கள் குடித்தது நாளுக்கு 2 கிராம் முதல் 6 கிராம் வரை. பிறகு அதைவிட மிகக் குறைந்த அளவிலும் பாதிப்பு வந்ததாக அறிக்கைகள் வந்தன. அவுஸ்திரேலியாவில் 2022 முதல், நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் பி6 உள்ள சத்துக் குளிசைகளில் நரம்புப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கை எழுதியே ஆக வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2023இல், வளர்ந்த ஒருவர் நாளுக்கு 12 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை வைத்தது.

இனி வீட்டிலிருக்கும் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி6 ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம். பல நரம்புக் குளிசைகளில் ஒரு குளிசையிலேயே 100 மில்லிகிராம், 200 மில்லிகிராம் இருக்கிறது. டொக்டர் ஒரு காரணத்துக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு எழுதிக் கொடுப்பது வேறு விசயம். அவர் நிறுத்தச் சொல்வார், பார்ப்பார். ஆனால் இங்கே நடப்பது என்ன? பார்மசியில் கேட்டு வாங்கிய நரம்புக் குளிசை ஒன்று, மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய "மல்டி விற்றமின்" ஒன்று, பக்கத்து வீட்டு ராத்தா விற்கிற பவுடர் ஒன்று. மூன்றிலும் பி6. வருடக்கணக்கில். விறைப்பு கூடக் கூட, "இன்னும் ஒரு குளிசை கூட்டிக் குடியுங்கள்" என்று ஆலோசனை. நெருப்பை அணைக்க மண்ணெண்ணெய் ஊற்றுகிற வேலை இது. நிறுத்தினால் பலருக்கு மெல்ல மெல்லக் குறையும், ஆனால் எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை.

இரண்டாவது கதை: "தைரொய்ட் குளிசையோடு சேர்த்தே குடிக்கலாம்."

தைரொக்சின் மிக நுட்பமான மருந்து. அளவு மைக்ரோகிராமில். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம் என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். 50 மைக்ரோகிராம் குடிப்பவருக்கும் 75 குடிப்பவருக்கும் இடையில் உடல் நிலை மாறிவிடும். அது வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் குடிக்க வேண்டிய மருந்து. கல்சியம், இரும்புச் சத்து, மக்னீசியம் அல்லது அலுமினியம் உள்ள வாயு மருந்து இவை பக்கத்தில் வந்தால், குடலில் அதைப் பிடித்துக்கொண்டு உடலில் ஏற விடாது. அதனால்தான் கல்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி சொல்கிறார்கள். கோப்பியும் பாலும்கூட அதைக் குறைக்கும்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், தைரொக்சின் குடித்துவந்த 20 பேருக்கு அதோடு சேர்த்து மூன்று மாதம் கல்சியம் கொடுத்தார்கள். அதுவரை கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் 4 பேருடைய டி.எஸ்.எச். அளவு தாண்டிப் போனது. மருந்தை ஒருவரும் நிறுத்தவில்லை, ஒழுங்காகத்தான் குடித்தார்கள். மருந்து உள்ளே போகவில்லை.

இப்போது யோசியுங்கள். "நரம்பு, எலும்பு, மூட்டு எல்லாவற்றுக்கும்" என்று விற்கிற குளிசைகளில் கல்சியம் இருக்கிறது, மக்னீசியம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது. காலையில் எழும்பி இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு, பால் தேத்தண்ணி ஒரு கோப்பை. மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் இரத்தம் எடுத்தால் டி.எஸ்.எச். கூடிக் கிடக்கும். டொக்டருக்குப் போத்தல் பற்றித் தெரியாது. "குளிசை போதவில்லை" என்று அளவைக் கூட்டுவார். பிறகு போத்தல் முடிந்துவிடும், அல்லது காசு முடிந்துவிடும். இப்போது கூட்டின அளவு முழுதாக உள்ளே போகும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நித்திரை வராது, மெலியும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும், எலும்பு தேயும். "கிளினிக் மருந்து சூடு, ஒத்துவரவில்லை" என்று அதை நிறுத்திவிடுவார்கள். போத்தல் விற்றவர் மீது ஒரு பழியும் விழாது.

இதிலேயே பெரிய ஆபத்து கர்ப்பிணித் தாய்மாருக்கு. தாய் சேய் கிளினிக்கில் இரும்புக் குளிசையும் கல்சியமும் இலவசமாகக் கொடுக்கிறார்கள், நல்ல விசயம், அதை நிறுத்தக் கூடாது. ஆனால் தைரொக்சின் குடிக்கிற தாய் அவற்றை அதோடு ஒன்றாகக் குடிக்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் தைரொக்சின் தேவை கூடுகிறது. முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி தாயின் தைரொய்டில்தான் தங்கியிருக்கிறது. மிட்வைப் மிஸ்ஸிடம் "எனக்குத் தைரொய்டும் இருக்கு, எதை எந்த நேரம் குடிக்கிறது" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

மூன்றாவது கதை: "முழுக்க இயற்கை."

அமுக்கராக் கிழங்கும் இயற்கைதான். ஆனால் அது தைரொய்ட் ஹோர்மோனைக் கூட்டக் கூடியது என்று ஆய்வுகள் சொல்கின்றன. தைரொக்சின் குடிப்பவர் அதையும் சேர்த்துக் குடித்தால் அளவு எங்கே போய் நிற்கும்? கடல் பாசியும் இயற்கைதான். அதில் அயடின் கட்டுக்கடங்காமல் இருக்கும். தைரொய்ட் நோயுள்ள ஒருவருக்குக் கூடின அயடினும் கெடுதி செய்யும். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயம். சமைக்கிற உப்பிலேயே வருவதைப் போத்தலில் இன்னொரு தடவை காசு கொடுத்து வாங்கி எதற்கு?

அமெரிக்காவில் கடைகளில் விற்கும் "தைரொய்டுக்கு உதவும்" சத்துக் குளிசைகளில் பத்தை எடுத்து ஆய்வுகூடத்தில் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பதில் தைரொய்ட் ஹோர்மோன் இருந்தது. இயற்கை என்று எழுதின போத்தலுக்குள் மருந்தே இருந்தது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல். அங்கேயே இந்த நிலை என்றால், யாரோ ஒருவருடைய பெட்டியில் வந்து, லேபலைக் கிழித்துச் சிறு போத்தலில் ஊற்றி விற்கப்படுவதற்கு யார் பொறுப்பு?

கருஞ்சீரகத்தைப் பற்றியும் கேட்பார்கள். அதன் சிறப்பை யாரும் மறுக்கவில்லை, வீட்டில் உணவில் சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை. அதைக் கபிசூலில் அடைத்து, மார்க்கத்தின் பெயரைச் சொல்லி, "இனி தைரொக்சினை விட்டுவிடலாம்" என்று விற்பதைத்தான் எதிர்க்கிறோம். தைரொய்ட் சுரப்பி செயலிழந்தவருக்கு அந்தச் சிறு குளிசைதான் உடல் ஓடுவதற்கான எண்ணெய். அதை விடச் சொல்கிறவர் சுன்னாவைக் கற்பிக்கவில்லை, வியாபாரம் செய்கிறார்.

இந்த மூன்றையும் விட ஆபத்தான ஒன்று இருக்கிறது. அது கண்ணுக்கே தெரியாது.

பயோட்டின். பி7 என்றும் சொல்வார்கள். தைரொய்ட் உள்ளவர்களுக்கு முடி கொட்டும், நகம் உடையும். அதற்காக இதை வாங்குவார்கள். நரம்புக்கென்று விற்கிற பல பி கொம்ப்ளெக்ஸ் குளிசைகளிலும் இது இருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். போத்தலில் இருப்பது 5,000, 10,000 மைக்ரோகிராம். இது உடலில் என்ன செய்கிறது என்பதை விடுங்கள், இரத்தப் பரிசோதனை இயந்திரத்தை ஏமாற்றுகிறது. பல ஆய்வுகூட இயந்திரங்கள் பயோட்டினை வைத்தே ஹோர்மோனை அளக்கின்றன. இரத்தத்தில் பயோட்டின் கூடினால், டி.எஸ்.எச். உண்மையில் இருப்பதை விடக் குறைவாகவும், டி4 கூடுதலாகவும் காட்டும். அதாவது தைரொய்ட் குறைந்து கிடப்பவரை, தைரொய்ட் கூடிப்போனவர் என்று ரிப்போர்ட் சொல்லும். ரிப்போர்ட்டை நம்பித்தான் டொக்டர் நடப்பார். குளிசையைக் குறைப்பார். நோயாளி சோர்ந்து, வீங்கி, குளிரில் நடுங்கி, கால் இன்னும் விறைத்துப் போவார். ரிப்போர்ட் "நல்லா இருக்கிறீர்கள்" என்று சொல்லும்.

இது பற்றி அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் பகிரங்கமாக எச்சரித்தது. பயோட்டின் அதிகம் குடித்த ஒருவருக்கு, மாரடைப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை பிழையாகக் குறைத்துக் காட்டி, அவர் இறந்துபோனதாகவும் அந்த அறிவித்தலில் இருக்கிறது. தைரொய்ட் இரத்தப் பரிசோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாளாவது பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கத் தைரொய்ட் சங்கத்தின் ஆலோசனை. குரல் பதிவில் இதை யாராவது சொன்னார்களா? "டொக்டரிடம் சொல்லத் தேவையில்லை" என்பதைத்தானே சொன்னார்கள்? அந்த ஒரு வசனம்தான் இந்த வியாபாரத்திலேயே மிக மோசமான வசனம்.

இனி, எங்களிடம் திருப்பிக் கேட்கப்படுபவை.

"குடித்துச் சுகம் கண்டவர்கள் இருக்கிறார்களே." இருக்கிறார்கள். பி12 குறைந்திருந்த ஒருவர் பி12 உள்ள குளிசையைக் குடித்தால் சுகம் வரத்தான் செய்யும். சிலருக்கு அது ஊசியாகவே வேண்டும். அவருக்குச் சுகம் வந்ததை வைத்து, சீனியால் கால் விறைத்தவருக்கும் அதையே கொடுப்பது எந்த நியாயம்? அல்பா லிபோயிக் அமிலம் என்று ஒன்று விற்கிறார்கள். சீனியால் வரும் நரம்பு எரிவுக்கு அதைப் பற்றி ஆய்வுகள் உண்டு, சிலருக்குக் கொஞ்சம் ஆறுதல் தரலாம். ஆனால் அது சீனியைக் குறைக்கக் கூடியது, சீனி மருந்தோடு சேர்ந்தால் மயக்கம் வரலாம். அதையும் டொக்டருக்குத் தெரியாமல் குடிக்க முடியாது. இன்னொன்று: சீனி உள்ளவருக்குப் பாத எரிவு நின்றுவிட்டால் அது குணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நரம்பு முற்றாகச் செத்துப் போனாலும் எரிவு நிற்கும். பிறகு ஆணி குத்தினாலும் தெரியாது, ஜும்ஆவுக்கு வெறுங்காலோடு சுடுகிற சீமெந்தில் நடந்தாலும் தெரியாது. புண் வந்து, அழுகி, விரலில் தொடங்கிக் காலை எடுக்கிற கதைகள் எங்கள் ஊர்களுக்குப் புதிதா?

"கிளினிக்கில் டொக்டர் இரண்டு நிமிசம்கூடப் பேசுவதில்லை. பாசையும் விளங்குவதில்லை." இது உண்மை. இதை மூடி மறைக்க மாட்டோம். விடியற்காலையில் போய் இலக்கம் எடுத்து, நண்பகல் வரை வாங்கில் இருந்து, உள்ளே போனால் கொப்பியைப் பார்த்து அதே மருந்தை எழுதிவிட்டு அடுத்த ஆள். எங்கள் தாய்மாருக்குச் சிங்களம் வராது, டொக்டருக்குத் தமிழ் வராது. கால் விறைப்பைப் பற்றிச் சொல்ல வாய் திறக்கும்போது அடுத்த இலக்கம் கூப்பிட்டாகிவிடும். போத்தலைக் காட்டினால் ஏச்சு. ஏசினால் அடுத்த தடவை மறைப்பார்கள், மறைத்தால் ரிப்போர்ட் பிழைக்கும். சுகாதாரத் துறையில் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளே, இதை நீங்கள் மாற்ற வேண்டும். "வேறு என்ன குடிக்கிறீர்கள்" என்ற கேள்வியைத் தமிழில், சிரித்த முகத்தோடு கேளுங்கள். போத்தல் விற்பவர் வெல்வதே, அவர் எங்கள் பாசையில் உட்கார்ந்து பேசுவதால்தான். ஆனால் கிளினிக்கில் குறை இருக்கிறது என்பது, குரல் பதிவில் வருகிற பொய்யை உண்மையாக்காது.

இந்த நாட்டிலே பேராசிரியர் சேனக பிபிலே என்றொருவர் இருந்தார். மருந்தின் பெயரில் நடந்த கொள்ளையை எதிர்த்து, தேவையான மருந்துகள் மட்டும், வியாபாரப் பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், எல்லோருக்கும் கட்டுபடியான விலையில் கிடைக்க வேண்டும் என்று போராடியவர். 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அவருடைய உழைப்பு. இன்று ஊர் ஊராக இருக்கிற ஒசுசலவும் அந்த வழியில் வந்ததுதான். அப்படிப்பட்ட நாட்டில், இலவசமாகக் கிடைக்கிற தைரொக்சினை அலட்சியமாகக் குடித்துவிட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு போத்தலை ஒழுங்காகக் குடிக்கிறார்கள். 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது பட்ட பாட்டை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா?

விற்கிற சகோதரிகளிடமும் பேச வேண்டும். உங்களில் பலர் வீட்டுச் செலவுக்காக, பிள்ளைகளின் டியூசன் காசுக்காகச் செய்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு மேலே இருப்பவர் பயிற்சி வகுப்பில் சொன்னதையே திருப்பிச் சொல்கிறீர்கள். ஆனால் உங்களிடம் வாங்குபவர் உங்களை நம்பி வாங்குகிறார், அந்த நம்பிக்கை அமானிதம். விற்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் வேறு என்ன மருந்து குடிக்கிறீர்கள்?" தைரொக்சின், சீனி மருந்து, இரத்தம் கட்டாமல் இருக்கக் குடிக்கிற மருந்து, இதில் ஒன்றைச் சொன்னால் விற்காதீர்கள். டொக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு போத்தல் குறைவாக விற்றதால் ரிஸ்க் குறைந்துவிடாது.

பார்மசி வைத்திருக்கும் சகோதரர்களே, மருந்து விற்பவர் என்ற பொறுப்பு உங்களுக்குச் சட்டப்படியே இருக்கிறது. தைரொக்சின் வாங்க வருகிறவர் நரம்புக் குளிசையும் கேட்டால், "எத்தனை மாதமாகக் குடிக்கிறீர்கள், இரத்தம் பார்த்தீர்களா" என்று கேட்பதற்கு அரை நிமிசம் போதும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவில்லாத போத்தலை அலுமாரியில் வைக்காதீர்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, சங்கங்களே, இரத்ததான முகாம் நடத்துகிறீர்கள், கண் பரிசோதனை நடத்துகிறீர்கள், அல்லாஹ் அதற்குக் கூலி தரட்டும். அடுத்த தடவை கால் பரிசோதனை ஒன்று நடத்துங்கள். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய நைலோன் இழை போதும். பெண்களுக்கு வேறாக, பெண் வைத்தியரை வைத்து. வீட்டிலிருக்கிற எல்லாப் போத்தலையும் ஒரு பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பைகளைத் திறந்து பார்த்தால், இந்தப் பதிவில் நாங்கள் சொன்னது குறைவு என்று விளங்கும்.

கடைசியாக, தைரொக்சின் குடிக்கிற, கால் விறைக்கிற எங்கள் உம்மாமாருக்கு, சகோதரிகளுக்கு. ஆண்களில் இருப்பவர்களுக்கும்தான்.

தைரொக்சினை நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். எழும்பியவுடன் தண்ணீரோடு குடியுங்கள், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறொன்றும் வேண்டாம், தேத்தண்ணியும் பிறகுதான். கல்சியம், இரும்பு டொக்டர் தந்திருந்தால் பகலுக்கோ இரவுக்கோ தள்ளிவிடுங்கள், நான்கு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். நோன்பு காலத்தில் சஹருக்கு அரை மணி முன்னால் எழும்பிக் குடிக்கலாம், அல்லது இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது குடிக்கலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று நோன்புக்கு முன்னரே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்புக் கஞ்சியோடும் பேரீச்சம்பழத்தோடும் சேர்த்து விழுங்காதீர்கள்.

கால் விறைத்தால் சீனி, பி12, டி.எஸ்.எச். மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பி12 பார்க்க முன் நீங்களாக நரம்புக் குளிசையைத் தொடங்கினால், இரத்தத்தில் அளவு கூடிக் காட்டி உண்மை மறைந்துவிடும். போலிக் அமிலத்தை மட்டும் தனியாகக் குடித்தாலும், இரத்தச்சோகை சரியானது போலத் தெரிந்து, நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகலாம். பயோட்டின் குடிப்பவர்கள் இரத்தம் எடுக்கிறவரிடமும் டொக்டரிடமும் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு இரவும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு காதில் கேட்டு மறு காதால் விடாமல், அடுத்த கிளினிக் திகதிக்கு வீட்டில் உள்ள எல்லாக் குளிசையையும் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். படித்த பிள்ளைகளே, உம்மாவோடு கூடப் போங்கள். வாசலில் இறக்கிவிட்டுப் போகாமல் உள்ளே போங்கள். மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். போத்தலின் படத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டு "இது நல்லமா" என்று கேட்பதை விட, அந்தப் போத்தலை டொக்டரின் மேசையில் வைத்துக் கேளுங்கள்.

இந்தப் பதிவால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், லேபலைப் படம் எடுத்துப் போடுங்கள், எத்தனை மில்லிகிராம் என்று எல்லோர் முன்னாலும் சேர்ந்து வாசிப்போம். அதற்குத் தயாரில்லாத எந்தப் போத்தலும் எங்கள் உம்மாமாரின் வாய்க்குப் போகக் கூடாது.

தேவையானவர்களுக்குப் பகிருங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.